வடிவொத்த முக்கோணங்களும் அளவு மாற்றமும்: அடிப்படையிலிருந்து முழுமையான வழிகாட்டி

வடிவொத்த முக்கோணக் கணக்கில், அதாவது வடிவம் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருக்கக்கூடிய முக்கோணங்களின் கணக்கில், தடுமாறுகிறவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால், குறுக்குப் பெருக்கல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்தோடு சேர்ப்பது என்பதில்தான் தவறியிருப்பார்கள். மூன்று விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு நேராகக் கணக்குக்குப் போவதால் வரும் சிக்கல் இது என்று நினைக்கிறேன். ஒரு முக்கோணத்தை முதலில் நீங்களே கையால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டால், எந்தப் பக்கம் எதிலிருந்து வந்தது என்பது கண்ணுக்கே தெரியும். அதனால் இந்த வழிகாட்டி அளவு மாற்றத்தில், அதாவது டைலேஷனில், தொடங்குகிறது. விதிகள் ஆறாவது படியில்தான் வரும். படிகளை முன்பின் மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

அளவுகோல், கவராயம், கோணமானி, கட்டம் போட்ட தாள். பென்சில் முனை கூராக இருக்கட்டும். மையத்திலிருந்து கோடு நீள நீள, தொடக்கத்தில் விட்ட சிறு பிழையும் பெரிதாகும்.

தெரிந்திருக்க வேண்டியவை நான்கு: முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180°, இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது ஒத்த கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களும் சமம், இரண்டு விகிதங்கள் சமமென்றால் தெரியாத உறுப்பைக் கண்டுபிடிப்பது, சர்வசம முக்கோணம் என்றால் என்ன என்பது. இவற்றில் ஒன்று மறந்திருந்தாலும் அதை முதலில் புரட்டிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஏதோ ஒரு படி புரியாமல் போகும். எது என்று உங்களுக்கே பிடிபடாது.

1. ஒரு முக்கோணத்தைக் கையால் பெரிதாக்குங்கள்

தாளின் நடுவில் கசட என்ற முக்கோணத்தை வரையுங்கள். மூன்று பக்கங்களும் வெவ்வேறு நீளத்தில் இருக்கட்டும். சமபக்க முக்கோணம் வேண்டாம். அதில் எந்தப் பக்கத்தை எதோடு சேர்த்தாலும் விடை வந்துவிடும் என்பதால் தவறு வெளியே தெரியாது.

முக்கோணத்துக்கு வெளியே ஒரு புள்ளியைக் குறித்து ம என்று பெயரிடுங்கள். இதுதான் மையம். ம புள்ளியிலிருந்து க, ச, ட ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கதிர் வரைந்து நீட்டுங்கள்.

இப்போது அளவு காரணி 3 என்று வைத்துக்கொள்வோம். மக எவ்வளவு என்று அளந்து, அதை 3 ஆல் பெருக்கி, அந்தத் தூரத்தை அதே கதிரில் ம புள்ளியிலிருந்து குறியுங்கள். மக 2.5 செ.மீ. என்றால் புதிய புள்ளி 7.5 செ.மீ. தூரத்தில் வரும். அதற்கு த என்று பெயர். இதேபோல ச புள்ளியிலிருந்து ப, ட புள்ளியிலிருந்து ற. த, ப, ற மூன்றையும் சேர்த்தால் புதிய முக்கோணம்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, 7.5 செ.மீ. தூரத்தை ம புள்ளியிலிருந்து அளக்காமல் க புள்ளியிலிருந்து அளப்பது. அப்படிச் செய்தால் மையத்திலிருந்து 10 செ.மீ. ஆகிவிடும், காரணி 3 என்பது 4 ஆகிவிடும். மூன்று உச்சிகளுக்கும் அதே தவறைச் செய்தால் படம் அழகாகவே வரும், வடிவமும் ஒத்திருக்கும். அதனால் கவனிக்காமலே போய்விடுவார்கள். எல்லா அளவும் மையத்திலிருந்துதான்.

இன்னொன்று, பெருக்குவதற்குப் பதிலாக எல்லாக் கதிர்களிலும் ஒரே நீளத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு கதிரையும் 5 செ.மீ. நீட்டினால் படம் பெரிதாகும், ஆனால் வடிவம் கோணிப்போகும். நம்பிக்கை இல்லையென்றால் வேறொரு தாளில் வரைந்து கோணங்களை அளந்து பாருங்கள். இந்த ஒரு சோதனை, பின்னால் வரும் பல கணக்குகளில் உங்களைக் காப்பாற்றும்.

2. எது மாறியது, எது மாறவில்லை என்று அளந்து பாருங்கள்

இரண்டு முக்கோணங்களின் கோணங்களையும் பக்கங்களையும் அளந்து எழுதுங்கள். கோணங்கள் அப்படியே இருக்கும். பக்கங்கள் மூன்றும் 3 மடங்காகியிருக்கும். கச பக்கத்துக்குத் தப இணையாகவும், சட பக்கத்துக்குப் பற இணையாகவும், கட பக்கத்துக்குத் தற இணையாகவும் இருக்கும்.

இதற்குக் காரணம் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. மதப என்ற பெரிய முக்கோணத்தைப் பாருங்கள். அதன் மத பக்கத்தில் க இருக்கிறது, மப பக்கத்தில் ச இருக்கிறது. இரண்டு பக்கங்களுமே 1 : 2 என்ற ஒரே விகிதத்தில் பிரிந்திருக்கின்றன. ஒரு கோடு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களை ஒரே விகிதத்தில் பிரித்தால் அது மூன்றாவது பக்கத்துக்கு இணை; இதுதான் அடிப்படை விகிதசமத் தேற்றத்தின் மறுதலை. அதன்படி கச, தப இரண்டும் இணை. பக்கங்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக நகர்ந்துவிட்டதால் அவற்றுக்கு இடையிலுள்ள கோணங்கள் மாற வழியே இல்லை.

அப்புறம் மையத்தை வேறு இடத்தில் வைத்து அதே காரணியோடு மீண்டும் வரையுங்கள். முக்கோணத்துக்கு உள்ளே ஒருமுறை, ஓர் உச்சியின் மேலேயே ஒருமுறை. வந்த முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சர்வசமம். இருக்கும் இடம்தான் வேறு. மையம் இடத்தைத் தீர்மானிக்கிறது, காரணி அளவைத் தீர்மானிக்கிறது. உச்சியிலேயே மையம் வைத்த படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏழாவது படியில் தேவைப்படும்.

காரணி 1 ஐ விடப் பெரிதென்றால் படம் பெரிதாகும். 0 க்கும் 1 க்கும் இடையில் என்றால் சிறிதாகி மையத்தை நோக்கி வரும்.

3. ஆயத்தளத்தில் அதையே செய்யுங்கள்

மையம் ஆதிப்புள்ளியாக இருந்தால் வேலை சுலபம்: இரண்டு ஆயங்களையும் காரணியால் பெருக்குங்கள். (2, 1), (6, 1), (2, 4) என்ற உச்சிகளைக் காரணி 2 கொண்டு மாற்றினால் (4, 2), (12, 2), (4, 8). பழைய பக்கங்கள் 4, 3, 5. புதியவை 8, 6, 10. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மையம் வேறு புள்ளியாக இருக்கும்போதுதான் குழப்பம் வரும். அப்போது மூன்று வேலை, இந்த வரிசையில்: மையத்தைக் கழி, காரணியால் பெருக்கு, மையத்தைக் கூட்டு. மையம் (1, 2), புள்ளி (4, 8), காரணி 1/3 என்போம். கழித்தால் (3, 6). பெருக்கினால் (1, 2). மையத்தைக் கூட்டினால் (2, 4). கழிப்பது எதற்கு என்றால், நாம் பெருக்க வேண்டியது மையத்திலிருந்து உள்ள தூரத்தை. ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை அல்ல. கடைசியில் கூட்ட மறப்பவர்கள் நிறையப் பேர். புதிய புள்ளி, பழைய புள்ளி, மையம் மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றனவா, மையத்திலிருந்து உள்ள தூரங்கள் காரணிக்கு ஏற்ற மடங்கில் இருக்கின்றனவா என்று பார்த்தால் அந்த மறதி பெரும்பாலும் உடனே பிடிபடும்.

எதிர்க் காரணி வந்தால் பயப்பட வேண்டாம். புள்ளி மையத்துக்கு மறுபக்கம் போகும், அவ்வளவுதான். ஆதிப்புள்ளியை மையமாக வைத்து, (3, 2) என்ற புள்ளியைக் காரணி −2 கொண்டு மாற்றினால் (−6, −4).

படம் கொடுத்துவிட்டுக் காரணியைக் கேட்டால், புதிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுக்க வேண்டும். மையத்திலிருந்து பழைய புள்ளி 5 அலகிலும், அதே பக்கம் புதிய புள்ளி 15 அலகிலும் இருந்தால் காரணி 3. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள 10 அலகை எடுத்து 10/5 = 2 என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு ஆயத்தை மட்டும் பெருக்கினால் அது அளவு மாற்றம் அல்ல. ஒரு புகைப்படத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் முகம் அகன்று போவதுபோல, கோணங்கள் கெட்டுவிடும்.

4. வடிவொத்தவை என்பதை இப்போது வரையறுங்கள்

ஒரு முக்கோணத்தை அளவு மாற்றி, பிறகு தேவைப்பட்டால் நகர்த்தி, சுழற்றி, கவிழ்த்து இன்னொன்றின் மேல் சரியாகப் பொருத்த முடிந்தால் இரண்டும் வடிவொத்தவை. இதன் விளைவு இரண்டு: ஒத்த கோணங்கள் சமம், ஒத்த பக்கங்களின் விகிதம் சமம். காரணி 1 என்றால் சர்வசமம். அதுவும் வடிவொத்ததில் ஒரு வகைதான்.

முக்கோணத்தில் இந்த இரண்டு விளைவுகளில் ஒன்று உண்மையானால் மற்றதும் தானாக வந்துவிடும். நாற்கரத்தில் அப்படி வராது. சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் கோணங்கள் எல்லாம் 90° தான். ஆனால் பக்க விகிதம் ஒன்றாக இருக்காது. சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும் பக்க விகிதம் ஒன்றுதான், கோணங்கள் வேறு. ஆகவே முக்கோண விதிகளை வேறு உருவங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

5. உச்சிகளை வரிசைப்படுத்தி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்

இந்தப் பாடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இதைத் தாண்டிவிட்டால் மீதி வெறும் வகுத்தல்.

முக்கோணம் கசட ∼ முக்கோணம் தபற என்று எழுதினால் (∼ என்பது ‘வடிவொத்தது’ என்பதற்கான குறி), க உச்சிக்குத் த, ச உச்சிக்குப் ப, ட உச்சிக்கு ற என்று பொருள். எழுத்துகளின் வரிசையே ஒரு வாக்கியம். எனவே தோன்றிய வரிசையில் எழுதக் கூடாது. இப்படிச் செய்யுங்கள்.

முதலில் தெரிந்த கோணங்களை எல்லாம் இரண்டு படத்திலும் குறியுங்கள். இரண்டு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவதையும் கணக்கிட்டு எழுதிவிடுங்கள். ஒன்றில் க = 50°, ச = 60°, ட = 70° என்றும், மற்றதில் ப = 70°, ற = 50°, த = 60° என்றும் இருப்பதாக வைப்போம். 50° இருப்பவை க, ற. 60° இருப்பவை ச, த. 70° இருப்பவை ட, ப. அதை இப்படி எழுதுங்கள்:

க ச ட
ற த ப

இனி படத்தைப் பார்க்கத் தேவையில்லை. முதல் இரண்டு எழுத்துகள்: கச பக்கத்துக்கு றத. கடைசி இரண்டு: சட பக்கத்துக்குத் தப. முதலும் கடைசியும்: கட பக்கத்துக்கு றப. விகிதம் கச/றத = சட/தப = கட/றப என்று தானாக வந்து நிற்கும்.

படத்தைப் பார்த்து “இடப்பக்கத்துக்கு இடப்பக்கம், அடிப்பக்கத்துக்கு அடிப்பக்கம்” என்று சேர்ப்பதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். கேள்வித்தாளில் ஒரு முக்கோணத்தைச் சுழற்றியோ கவிழ்த்தோ தந்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் இரண்டாவது முக்கோணத்தை முதலாவதன் நிலையிலேயே தனியாக மறுபடி வரைந்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான். தேர்வு அவசரத்தில் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள், கைவிடக் கூடாதது இதுதான்.

கோணங்கள் தெரியாமல் பக்கங்கள் மட்டும் தெரிந்தால், சிறிய பக்கத்துக்கு எதிரே சிறிய கோணம், பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் என்பதை வைத்து வரிசைப்படுத்தலாம்.

6. மூன்று விதிகள், அவற்றின் எல்லைகள்

கோண-கோண விதி: இரண்டு கோணங்கள் சமமென்றால் போதும். மூன்றாவது 180° இலிருந்து தானாக வரும். பக்கங்கள் ஏன் விகிதசமமாகின்றன? கசட முக்கோணத்தைத் தப/கச என்ற காரணியால் அளவு மாற்றுங்கள். கச பக்கம் இப்போது தப நீளத்துக்கு வந்துவிடும். அதன் இரு முனைக் கோணங்களும் மாறவில்லை. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் சமம் என்பதால், புதிய முக்கோணமும் தபற முக்கோணமும் சர்வசமம். மற்ற இரண்டு விதிகளையும் இதே வழியில் நீங்களே நிறுவிப் பார்க்கலாம்.

பக்க-கோண-பக்க விதி: இரண்டு பக்கங்களின் விகிதம் சமமாகவும், அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் சமமாகவும் இருக்க வேண்டும். ‘இடையிலுள்ள’ என்பதை விட்டுவிட்டால் விதி பொய்த்துவிடும். ஒரு 30° கோணம் வரைந்து, அதன் ஒரு கையில் 10 செ.மீ. குறித்து, அந்த முனையில் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. வில் வரையுங்கள். மறு கையை அது இரண்டு இடத்தில் வெட்டும். அதே 30°, அதே 10, அதே 6. ஆனால் வடிவம் ஒத்துப்போகாத இரண்டு முக்கோணங்கள்.

பக்க-பக்க-பக்க விதி: மூன்று விகிதங்களும் சமம். முதலில் பக்கங்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். 6, 9, 12 ஒன்று. 8, 12, 16 இன்னொன்று. 8/6, 12/9, 16/12 எல்லாமே 4/3. இரண்டிலும் 12 இருக்கிறதே என்று 12 க்கு 12 ஐச் சேர்ப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 6, 9, 12 க்கு 9, 12, 15 வடிவொத்ததா? இல்லை. ஒவ்வொன்றிலும் 3 கூடியிருக்கிறது, பெருகவில்லை.

7. அடிக்கடி வரும் மூன்று படங்கள்

*உச்சியிலிருந்து விரியும் படம்.* கசட முக்கோணத்தில் கச மேல் த, கட மேல் ப. தப கோடு சட பக்கத்துக்கு இணை. இது நீங்கள் உச்சியில் மையம் வைத்து வரைந்த அதே படம்: மையம் க. கத = 4, தச = 2, தப = 6 என்றால் சட எவ்வளவு? பலர் 4/2 = 6/சட என்று எழுதி 3 என்று முடிப்பார்கள். உள்ளே இருக்கும் கோடே 6 அலகு இருக்க, அடிப்பக்கம் எப்படி 3 ஆகும்? 2 என்பது பக்கத்தின் மிச்சத் துண்டு. அது எந்த முக்கோணத்தின் பக்கமும் அல்ல. முழுப்பக்கம் கச = 6. காரணி 6/4 = 1.5. எனவே சட = 9.

துண்டுக்குத் துண்டு விகிதம் எப்போது செல்லும்? சாய்பக்கங்கள் இரண்டுக்குள் மட்டும். கப = 5 என்றால் 4/2 = 5/பட, ஆக பட = 2.5. இணைகோடுகளின் நீளம் கணக்கில் வந்துவிட்டால் முழுப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள்.

*குறுக்காக வெட்டும் படம்.* கத, சப என்ற இரு கோட்டுத்துண்டுகள் ம புள்ளியில் வெட்டுகின்றன. கச, தப இரண்டும் இணை. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் மகச ∼ மதப. ம மையமாக எதிர்க் காரணியில் நடந்த அளவு மாற்றம் இது. அதனால்தான் க உச்சிக்கு ஒத்த உச்சி, வெட்டும் புள்ளியைத் தாண்டி எதிர்ப்புறம் இருக்கும் த. கம = 3, மத = 7.5 என்றால் காரணி −2.5; கச = 4 என்றால் தப = 10. நீளம் காணும்போது குறியை விட்டுவிடலாம்.

*செங்கோணத்திலிருந்து இறங்கும் செங்குத்து.* கசட முக்கோணத்தில் க செங்கோணம். க இலிருந்து சட மேல் இறங்கும் செங்குத்தின் அடி ம. ஒரே படத்துக்குள் மூன்று முக்கோணங்கள் என்பதால் தலை சுற்றும். மூன்றையும் தனித்தனியாக வரைந்து, செங்கோணத்தை முதலிலும், ச கோணத்துக்குச் சமமானதை அடுத்தும், ட கோணத்துக்குச் சமமானதைக் கடைசியிலும் எழுதுங்கள்:

க ச ட
ம ச க
ம க ட

கடைசி இரண்டு வரிகளிலிருந்து மச/மக = மக/மட. அதாவது செங்குத்தின் வர்க்கம், அது பிரித்த இரு துண்டுகளின் பெருக்கல் பலன். துண்டுகள் 4, 9 என்றால் செங்குத்து 6. இந்த வாய்பாட்டை மறந்தாலும் மூன்று வரிகளை எழுதத் தெரிந்தால் போதும்.

8. கணக்கை எழுதும் வரிசை

1.5 மீ உயரக் குச்சியின் நிழல் 2 மீ. அதே நேரத்தில் மரத்தின் நிழல் 12 மீ. மரத்தின் உயரம் என்ன?

முதலில் படம். அடுத்து, ஏன் வடிவொத்தவை என்ற ஒரு வரி: குச்சியும் மரமும் சமதரைக்குச் செங்குத்து, சூரியக் கதிர்கள் இணையானவை, ஆக இரண்டு கோணங்கள் சமம். ‘அதே நேரத்தில்’ என்ற சொல் கேள்வியில் இருப்பதே இதற்காகத்தான். நேரம் மாறினால் கதிரின் சாய்வு மாறிவிடும். பிறகு உச்சிகளின் வரிசை, அதன்பின் விகிதம்: உயரம்/1.5 = 12/2. விடை 9 மீ.

காரண வரியை எழுதாமல் விகிதத்துக்குத் தாவாதீர்கள். காரணம் எழுத முடியவில்லை என்றால் அந்த முக்கோணங்கள் வடிவொத்தவையாக இல்லாமலும் போகலாம். விகிதத்தின் இரு பக்கமும் தொகுதியில் ஒரே முக்கோணம், பகுதியில் மற்றது, நடுவில் மாற்றாதீர்கள். சென்டிமீட்டரும் மீட்டரும் கலந்து வந்தால் தொடக்கத்திலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

9. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைதல்

கசட முக்கோணத்துக்கு 3/5 அளவில் வடிவொத்த முக்கோணம் வரைய, சட பக்கத்துக்குக் கீழே ச இலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரையுங்கள். அதில் கவராயத்தால் 5 சம இடைவெளிகளைக் குறியுங்கள். ஐந்தாவது புள்ளியை ட உடன் சேர்த்து, மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணைகோடு வரைந்தால் அது சட பக்கத்தைப் புதிய உச்சியில் வெட்டும். அங்கிருந்து கட பக்கத்துக்கு இணையாக வரைந்தால் முடிந்தது. இதுவும் ச மையமான அளவு மாற்றம்தான்.

7/5 என்றால் 7 குறிகள் வேண்டும். ஆனால் ட உடன் சேர்க்க வேண்டியது ஐந்தாவது புள்ளி. ஏழாவதிலிருந்து இணைகோடு, சட பக்கத்தையும் சக பக்கத்தையும் நீட்டிக்கொள்ள வேண்டும். கடைசிக் குறியைத்தான் எப்போதும் ட உடன் சேர்ப்பது என்று பழகியவர்கள் இங்கே 5/7 அளவில் வரைந்துவிடுவார்கள். பழைய பக்கம் பகுதி எண்ணுக்குச் சமமான பாகங்கள் கொண்டது. ஆகவே பகுதி எண்ணுக்குரிய குறிதான் பழைய உச்சிக்குப் போகும். பெரிதாக்கச் சொன்னார்களா, சிறிதாக்கச் சொன்னார்களா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. சுற்றளவு, பரப்பளவு

சுற்றளவு நீளம்தான், ஆகவே காரணியால் பெருகும். பரப்பளவில் அடிப்பக்கமும் உயரமும் இரண்டுமே பெருகுவதால் காரணியின் வர்க்கத்தால் பெருகும். காரணி 3/2, பழைய பரப்பு 24 என்றால் புதியது 24 × 9/4 = 54. பரப்புகள் 16 : 25 என்று கொடுத்துப் பக்க விகிதம் கேட்டால் வர்க்கமூலம் எடுத்து 4 : 5.

ஏழாவது படியின் முதல் படத்துக்கு வாருங்கள். கதப, கசட பக்கங்களின் விகிதம் 4 : 6, அதாவது 2 : 3, பரப்புகளின் விகிதம் 4 : 9. கதப பரப்பு 16 என்றால் 36 என்பது முழு முக்கோணம் கசட. கேள்வியில் தசடப என்ற சரிவகத்தின் பரப்பைக் கேட்டிருந்தால் 36 − 16 = 20 தான் விடை. 36 வந்ததும் பேனாவை மூடிவிடாமல், கேட்டது எந்த உருவம் என்று கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.